பெட்டி முதலில் புறப்பட்டது: கம்பத்திலிருந்து கோலோன் துறைமுகத்துக்கு

சென்ற வருஷம் தை மாதம் ஐந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு, ஸ்பானிய மொழி பேசும் கடற்கரை நாடுகளுக்குக் கம்பளி கொண்டுபோவதில்லை என்று தீர்மானித்தோம். கூட்டம் கம்பத்தில், மீரான் ராவுத்தரின் ஏலக்காய்க் கடையில் நடந்தது. ஆஜரானவர்கள் மூன்று பேர்: ராவுத்தர், அவருடைய அக்கா ஆமினா, நான். இரண்டுக்கு ஒன்று என்று தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்தவர் அப்போது கம்பளியைக் கையில் வைத்திருந்தார். அயல்நாட்டுச் சீதோஷ்ணத்தைப் பற்றி இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு கூட்டம் கூடி முடிவெடுத்தது இதுவே முதல் தடவை என்பதால், நேரத்தைக் குறித்துவைத்தேன்.

இதே பிரயாணத்துக்கு ஆயத்தம் செய்கிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எங்களுக்கு வழிகாட்ட யாரும் இல்லை. கம்பத்திலிருந்து கண்டிக்குப் போனவர்கள் உண்டு, பினாங்குக்குப் போனவர்கள் உண்டு. கரீபியக் கடலுக்குத் திட்டமிட்டவர்கள் நாங்கள் இருவர்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

முதலில், ஏன் போகிறோம் என்பது. ராவுத்தரின் தம்பி காதர் பதினான்கு வருஷத்துக்கு முன் கொழும்பில் கப்பலேறிப் போனவர். பனாமா நாட்டில் கோலோன் என்ற துறைமுகத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். மார்கழி மாதம் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ‘எனக்கு முறைக்காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. ஊருக்கு வந்துவிட ஆசை. ஆனால் இந்த உடம்போடு தனியாகக் கப்பலேறப் பயமாக இருக்கிறது. அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போனால் வருவேன்’ என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான் கடிதம். ஆமினாக்கா அதை என்னிடம் நான்கு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

ராவுத்தருக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியும், இங்கிலீஷ் தெரியாது. எனக்கு இங்கிலீஷ் தெரியும். பள்ளிக்கூடத்தில் பூகோளம் கற்பிக்கிறேன். சொந்தமாக ஒரு பூகோளப் படப்புத்தகம் வைத்திருக்கிறேன். ஆகவே நானும் போவது என்று முடிவாயிற்று. ராவுத்தர் என்னை மாப்பிள்ளை என்பார், நான் அவரை மாமா என்பேன். இரண்டு வீட்டுக்கும் கொண்டான் கொடுத்தான் கிடையாது. எங்கள் பக்கத்தில் இந்த முறை தானாக அமைந்துவிடும்.

படத்தைக் கடை மேஜையில் விரித்து, கம்பத்தின் மேல் விரலை வைத்து நேராக மேற்கே நகர்த்திக் காட்டினேன். மலை, மலையாளம், அரபிக்கடல், ஆப்பிரிக்கா, அப்புறம் ஒரு பெரிய சமுத்திரம். அதைத் தாண்டியதும் விரல் வெனிசுவேலாவில் ஏறி, கொலம்பியாவைத் தொட்டு, கோலோனில் போய் நின்றது. எல்லாம் நம்முடைய அட்சரேகை, அரை பாகை முன்னே பின்னே. நமக்கு அடிக்கிற வெயில்தான் அவர்களுக்கும் அடிக்கிறது. அங்கேயும் வாழை, தென்னை, காபி. உலகப்படத்தில் நமக்கு இவ்வளவு நெருங்கிய உறவுக்காரர்கள் இருக்கும்போது நாம் மதுரையோடு நின்றுவிடுவது முறையல்ல என்று சொன்னேன். இந்த இடத்தில்தான் ஆமினாக்கா கம்பளியை நீட்டினார். கறுப்புக் கம்பளி, புதியது.

“பெட்டியில அடியில போட்டு வைங்க வாத்தியாரே. தம்பிக்கு வேணும்.”

“அக்கா, அது வெக்கையான தேசம். அங்கன கம்பளிங்கிற பேச்சே கெடையாது.”

“ஊரு வெக்கையா இருந்தா என்ன? காச்சல்ல கெடக்கவனுக்கு எந்த ஊரும் குளுரத்தான செய்யும்?”

“அட்சரேகை ஒன்பதரைக்கா. கம்பமும் அதுதான்.”

“கம்பத்துல நீங்க மார்கழியில போத்துறதில்லையாக்கும்?”

“அது பழக்கம்க்கா. தேவை கெடையாது.”

அவர் ராவுத்தரைப் பார்த்தார். ராவுத்தர் படத்தைப் பார்த்தார். “மாப்ள படிச்சவரு சொல்றாக” என்றார். தீர்மானம் நிறைவேறியது.

அடுத்தது நாள் பார்ப்பது. பாஸ்போர்ட் கைக்கு வர மாதக்கணக்காகும் என்று தெரிந்தது. ஆனால் தை இருபத்தைந்தாம் தேதி வியாழக்கிழமை காலை ஒன்பதேகால் மணிக்கு நல்ல நேரம் இருப்பதாகவும், அதை விட்டால் என் ஜாதகத்துக்கு இந்த வருஷம் கடல் பிரயாணம் இல்லை என்றும் சின்னமனூர் ஜோசியர் சொன்னார். ராவுத்தருக்கு ஜாதகம் கிடையாது. “எங்களுக்கு நெனச்ச அன்னைக்கு பிஸ்மி சொல்லிக் கெளம்புனாப் போதும். ஒங்களுக்குத்தான் ஆயிரம்” என்றார். ஆனாலும், கூட வருகிறவனுக்குக் கெட்ட நேரமென்றால் கப்பல் ஒன்றுதானே என்று ஒப்புக்கொண்டார்.

சூலம் பற்றி ஒரு சந்தேகம் வந்தது. இன்ன கிழமையில் இன்ன திசைக்குப் போகக்கூடாது என்பது சூலம். கோலோன் எந்தத் திசை என்று ஜோசியர் கேட்டார். உலகம் உருண்டையானதால் மேற்கே போனாலும் போகலாம், கிழக்கே போனாலும் போகலாம். என்றைக்குப் பார்த்தாலும் சூலம் இல்லாத பக்கத்தில் பனாமா இருக்கிறது என்று விளக்கினேன். பூகோள சாஸ்திரம் ஜோதிட சாஸ்திரத்துக்குச் செய்த பேருதவியாக இதை நான் கருதுகிறேன். ஜோசியர் பஞ்சாங்கத்தை மூடிவைத்தார். பிறகு, அந்த ஒன்பதேகால் மணி குளிகை நேரம் என்றும், குளிகையில் செய்த காரியம் திரும்பத் திரும்ப நடக்கும் என்றும், பிரயாணம் பெருகுவது நல்லதுதான் என்றும் சொல்லி அனுப்பினார்.

நல்ல நேரம் வந்து ஆள் புறப்பட முடியாமற்போனால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: நம்மிடம் அதற்கு ஏற்பாடு இருக்கிறது. பரஸ்தானம் வைப்பது. பிரயாணத்துக்கான பெட்டியையோ துணி மூட்டையையோ அந்த நேரத்தில் வீட்டைவிட்டு வெளியேற்றி, போகிற வழியில் இன்னொரு வீட்டில் வைத்துவிட்டால் பிரயாணம் தொடங்கியதாகவே அர்த்தம். ஆள் பிறகு சாவகாசமாகப் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். நிபந்தனை இரண்டு. பெட்டி வீட்டுக்குத் திரும்பக்கூடாது. குறிப்பிட்ட நாளுக்குமேல் ஒரே இடத்தில் இருக்கவும் கூடாது. எங்கள் ஜோசியர் தாராள மனசுக்காரர். பதினைந்து நாள் கொடுத்தார். வேறு எந்த தேசத்தாரும் ஆளில்லாமல் பிரயாணம் செய்யும் முறையைக் கண்டுபிடித்ததாக நான் படித்ததில்லை.

பச்சை வர்ணம் அடித்த தகரப் பெட்டி ஒன்று வாங்கினோம். மூடியில் வெள்ளை எழுத்தில் ‘மீரான் ராவுத்தர், கம்பம் – கோலோன்’ என்று எழுதச் செய்தேன். தமிழில் ஒரு வரி, இங்கிலீஷில் ஒரு வரி. குறித்த நாளில், குறித்த நேரத்தில், உத்தமபாளையம் போகும் பஸ்ஸின் கூரையில் பெட்டி ஏறிற்று. டிரைவர் இறங்கி வந்து பார்த்தார்.

“என்ன வாத்தியாரே, பெட்டி மட்டும் ஏறுது? ஆளுக ஏறலையா?”

“பெட்டி இன்னைக்குப் போகுது. நாங்க பின்னாடி வருவோம்.”

“எந்தூருக்கு?”

“பனாமாவுக்கு.”

“அது பாளையத்துக்கு இங்கிட்டா, அங்கிட்டா?”

“அங்கிட்டு.”

“அப்பப் பாளையத்துல நான் எறக்கிட்டா, மேக்கொண்டு யாரு தூக்குறாக?”

நியாயமான கேள்வி.

கம்பம் முதல் உத்தமபாளையம் ஆறு மைல், பஸ்ஸில் இருபத்தைந்து நிமிஷம். பெட்டிக்கும் ஆளுக்கும் ஒரே கட்டணம், இரண்டரை அணா. பெட்டி ராவுத்தரின் சம்பந்தி வீட்டில் இறங்கியது என்று பத்தரை மணி பஸ்ஸில் தகவல் வந்தது. அன்று பிற்பகலே காதருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தோம். நான் சொல்ல, ராவுத்தர் எழுதினார். ‘புறப்பட்டுவிட்டோம்’ என்பது முதல் வரி. அதை எழுதிவிட்டு அவர் பேனாவைத் தாளிலிருந்து எடுத்தார்.

“மாப்ளே, நாம இன்னும் கடையிலதான உக்காந்திருக்கோம்?”

“பெட்டி போயிருச்சுல்ல மாமா. பெட்டி போனா ஆளு போன மாதிரிதான். பரஸ்தானம் வச்சுட்டு, பொறப்படலைன்னு சொன்னாக் காரியம் கெட்டுப் போகும்.”

“அவன் அங்கன ஒண்டியா இருக்கான். தப்பா வெளங்கிக்கிட மாட்டானே?”

“கம்பத்துக்காரருக்கு இது தெரியாதா மாமா?”

கடிதம் மறுநாள் தபாலில் சேர்ந்தது. அது கோலோன் போய்ச்சேர ஒன்பது வாரம் ஆகும். இதே வழியில் எழுதுகிறவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

இனி பாஸ்போர்ட். படிவத்தில் எந்தெந்த நாட்டுக்குப் போகிறோம் என்று எழுத வேண்டும். முதலில் பனாமா என்று மட்டும் எழுதினோம். எழுதிய மையின் ஈரம் காயுமுன், கப்பல் வழியில் வெனிசுவேலாவிலும் கொலம்பியாவிலும் நிற்கும் என்பது ஞாபகம் வந்தது. நிற்கிற ஊரில் இறங்கிப் பார்க்காமல் வருவது பூகோள உபாத்தியாயருக்கு அழகல்ல. படிவத்தைக் கிழித்து வேறு எழுதினோம். பத்து நாள் கழித்து, கோலோனிலிருந்து இரண்டு அங்குலம் விரலை மேலே நகர்த்தினால் கியூபா என்று கண்டேன். அதற்கு மேற்கே மெக்சிகோ. இவ்வளவு தூரம் போகிறவர்கள் இரண்டு அங்குலத்துக்குக் கணக்குப் பார்க்கக்கூடாது என்று தோன்றிற்று.

“மாப்ளே, எனக்குக் காதரு இருக்க ஊரு ஒண்ணு போதும்” என்றார் ராவுத்தர்.

“வழியிலதான் மாமா இருக்கு.”

“வழியில சின்னமனூருந்தான் இருக்கு. அதைத் தாண்ட முடிஞ்சுச்சா?”

அவர் சொன்னது பெட்டியை. சம்பந்தி வீட்டில் இரண்டு தவணை இருந்து, பெட்டி அதற்குள் ஐந்து மைல் முன்னேறி, சின்னமனூரில் என் மைத்துனன் வீட்டுக்கு வந்திருந்தது. அங்கே பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் தங்கியது. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை இடம் மாற வேண்டுமே என்றால், வாசலிலிருந்து கூடத்துக்கும், கூடத்திலிருந்து அடுப்படிக்கும் நல்ல நேரம் பார்த்து நகர்த்தினால் போதும், ஓரடி போனாலும் பிரயாணம் பிரயாணம்தான் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். அடுப்படிக்கு அப்பால் வீடு இல்லாததால் என் மைத்துனன் மனைவி, “அண்ணே, அடுத்த தவணைக்குப் பெட்டியைக் கெணத்துக்குள்ளதான் எறக்கணும்” என்று சொல்லியனுப்பினாள். ஆகவே வைகாசி முதல் வாரத்தில் அதை மாட்டுவண்டியில் ஏற்றி, மூன்று மைல் தள்ளி மார்க்கையன்கோட்டையில் ராவுத்தருக்கு வேண்டிய ஒரு விவசாயி வீட்டுக்கு அனுப்பினோம். அது சற்று விலகிய திசைதான். ஆனால் கப்பல்களும் நேராகப் போவதில்லை.

மார்க்கையன்கோட்டையில் பெட்டிக்கு நல்ல மரியாதை. சமுத்திரம் தாண்டப்போகிற பெட்டி என்று அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துப் போனார்கள். ஒருவர் தன் ஆசை தீர அதன்மேல் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்த்தாராம். வாய்க்காலில் பெரியாற்றுத் தண்ணீர் திறந்து, நாற்றங்கால் வேலை தொடங்கியதும், விதைநெல் மூட்டைகளை ஈரம் படாமல் அடுக்கவும் அது பயன்பட்டது.

இதற்கிடையில் நாங்கள் சும்மா இருக்கவில்லை. ஸ்பானிய மொழி கற்க, முன்னும் பின்னும் தாள் போன ஒரு பழைய புத்தகம் கிடைத்தது. ஒன்று முதல் ஆறு வரை எண்ணக் கற்றோம். ஏழாவது எண் இருந்த பக்கம் இல்லை. தண்ணீர், நிழல், விலை, வாழைப்பழம், நன்றி ஆகிய சொற்களை ராவுத்தர் என்னைவிட நன்றாகச் சொன்னார். வைகாசியில் போட்டோ எடுக்க மதுரைக்குப் போனோம். கம்பத்தில் காலை ஆறு மணி பஸ், தேனிக்கு இருபத்தைந்து மைல், எட்டே காலுக்குச் சேரும். போடியிலிருந்து வரும் ரயிலைத் தேனியில் பிடித்தால் மதுரைக்கு மூன்று மணி நேரம். போட்டோவுக்கு ஆளுக்கு மூன்று ரூபாய், பிரதி நான்கு. நாங்கள் ஐந்து நாட்டுக்குப் போகிறவர்கள் என்று சொன்னதும் போட்டோக்காரர் நாற்காலி கொடுத்தார். அந்தப் போட்டோ இப்போது என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. பார்த்தவர்கள் ஊர் திரும்பிய பின் எடுத்தது என்றே நினைக்கிறார்கள்.

பிறகு ஆனியில் நடவு. ஆடியில் மலையில் ஓயாத மழை. ஆவணியில் ஏலக்காய் எடுப்பு தொடங்கியதால் ராவுத்தர் கடையைவிட்டு அசைய முடியவில்லை. ஆமினாக்கா வெள்ளிக்கிழமைதோறும் கடைக்கு வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்.

“தம்பிகிட்ட இருந்து காயிதம் ஏதும் வந்துச்சா?”

“இல்லக்கா.”

“வராது. நீங்க வந்துக்கிட்டு இருக்கீகன்னு எழுதிட்டீகள்ல. அவன் வாசலைப் பாத்துக்கிட்டு இருப்பான். இங்கன பெட்டி ஒவ்வொரு வீடா விருந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கு.”

ராவுத்தர் அந்த வெள்ளிக்கிழமைகளில் சாப்பிடப் போகவில்லை. ஒரு நாள் என்னிடம், “போதும் மாப்ளே. கியூபாவும் வேணாம், எதுவும் வேணாம். எம்புட்டுச் சீக்கிரம் முடியுமோ அம்புட்டுச் சீக்கிரம் போவோம்” என்றார். நானும் அப்படியே நினைத்தேன். புரட்டாசி பன்னிரண்டாம் தேதி, மார்க்கையன்கோட்டையிலிருந்து பெட்டியைத் தேனிக்குக் கொண்டுவந்து, ராவுத்தர் வழக்கமாகச் சரக்கு அனுப்பும் ஏலக்காய் மண்டியில் வைத்தோம். கம்பத்திலிருந்து தேனி வரை பெட்டிக்கு ஏழரை மாதம் ஆயிற்று. ஆனால் மண்டிக்கு எதிரே ரயில் ஸ்டேஷன். இனி ஒன்றும் தாமதமில்லை. அதே மாதக் கடைசியில் ஐந்து நாடுகளின் பெயரோடு பாஸ்போர்ட்டும் வந்தது. அம்மை குத்திக்கொண்டோம். கார்த்திகை பன்னிரண்டாம் தேதி கொழும்பில் கப்பல் என்று ஏஜெண்டு எழுதினார். ராவுத்தர் கடையை மச்சினரிடம் ஒப்படைத்தார்.

ஐப்பசி இருபத்தேழாம் தேதி பெட்டிக்குத் தேனியில் மூன்றாவது தவணை முடிந்தது. மண்டி முன்வாசலிலிருந்து எடை போடும் அறைக்கு அதை நகர்த்த வேண்டும். கடைசி முறை என்பதால் நாங்கள் இருவரே போனோம். விடிந்ததிலிருந்து தூறல். மலை தெரியவில்லை. பஸ் பதினொன்றரை மணிக்குத் தேனி போய்ச் சேர்ந்தது. மண்டிக்காரர் தெருவிலேயே எங்களை எதிர்கொண்டார்.

“ரயில்ல வந்த யாரோ ஒருத்தரு, ஒங்க பெட்டியைக் கட்டிப் பிடிச்சு அழுதுக்கிட்டு இருக்காக. கம்பத்துக்கு எத்தன மணிக்கு பஸ்ஸுன்னுதான் கேக்க வந்தாக. பெட்டியப் பாத்ததும் அப்படியே உக்காந்துட்டாக.”

உள்ளே போனோம். வெள்ளைக் கோட்டும் வைக்கோல் தொப்பியும் போட்ட ஒரு மெலிந்த மனிதர் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் பெட்டியை அணைத்து, மூடியில் இருந்த பெயரின் மேல் நெற்றியை வைத்திருந்தார். முதுகு ஆடிக்கொண்டிருந்தது. பெட்டியும் அப்போது பார்க்கச் சகிக்காது. வண்டியில் உருண்டு ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. வர்ணம் உரிந்து, மார்க்கையன்கோட்டையின் ஈரத்தில் துருப்பிடித்திருந்தது. கடலில் கிடந்து வந்தது என்று யாரும் சொல்லலாம்.

“ஏலே, காதரு…” என்றார் ராவுத்தர்.

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“அண்ணே… நீங்க கப்பல்ல மௌத்தாப் போயிட்டீக, பெட்டி மட்டும் திரும்பி வந்திருக்குன்னு…”

“நான் எங்கடா போனேன்?”

“பொறப்பட்டுட்டோம்னு எழுதுனீகளே.”

ராவுத்தர் என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன்.

கடிதம் பங்குனிக் கடைசியில் அவர் கைக்குக் கிடைத்திருக்கிறது. சித்திரையிலிருந்து ஆவணி வரை கோலோன் துறைமுகத்துக்கு வந்த கப்பல் ஒவ்வொன்றுக்கும், காய்ச்சல் இல்லாத நாளில் நடந்தும், இருந்த நாளில் வண்டி வைத்தும் போய் நின்றிருக்கிறார். முப்பத்தொரு கப்பல். ஊருக்கு எழுதிக் கேட்கலாமே என்றால், வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் அண்ணன் ஒருவர், அவர் கடலில் இருக்கிறார், யாருக்கு எழுதுவது? அண்ணனுக்கு நேர்ந்ததை அக்காவிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று, ஆவணிக் கடைசியில் தனியாகக் கப்பலேறிவிட்டார். இரண்டு சமுத்திரம், மூன்று கப்பல், தலைமன்னாரில் படகு, தனுஷ்கோடியில் ரயில். கோலோனிலிருந்து தேனிக்கு அறுபத்திரண்டு நாள். நடுவில் ஒன்பது தடவை குளிர்காய்ச்சல் வந்ததாம்.

“பரஸ்தானம் வச்சோம் தம்பி” என்று நான்தான் சொன்னேன்.

“பரஸ்தானம்னா?” என்றார் காதர். அவர் ஊரைவிட்டுப் போன நாளில், பாளையம் பஸ் வந்தது, ஏறினார். வேறு ஏற்பாடு ஒன்றும் செய்யவில்லை.

கரீபியக் கடலிலிருந்து கம்பத்துக்குத் துணையில்லாமல், காய்ச்சலோடு வந்துசேர்ந்த முதல் மனிதர் காதர் என்பதில் இந்தப் பள்ளத்தாக்கு பெருமைப்படலாம். நான் பெருமைப்படுகிறேன். வகுப்பில் அவர் வந்த வழியைப் படத்தில் கோடு போட்டுக் காட்டுகிறேன். கம்பத்திலிருந்து தேனி வரையுள்ள எங்கள் கோட்டையும் அதே படத்தில், வேறு மையில் போட்டிருக்கிறேன். உற்றுப் பார்த்தால் தெரியும்.

இனிப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பாஸ்போர்ட்டில் போக வேண்டிய ஊர் எந்த நாட்டில் இருக்கிறதோ அதை மட்டும் எழுதுங்கள். கொழும்புக்கு மதுரை, தனுஷ்கோடி வழியே இரண்டு நாள் போதும். அட்சரேகை ஒன்றாக இருப்பதை உறவாக எடுத்துக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் உறவுக்காரர் வீட்டுக்கும் விசாரித்துக்கொண்டு போவது நல்லது. தாய்மொழியிலேயே எழுதும்போதும், ‘புறப்பட்டுவிட்டோம்’ என்ற வார்த்தையை வண்டியில் உட்கார்ந்த பின் எழுதுங்கள். காதர் காய்ச்சலுக்கு நாற்பது நாள் கொயினா மாத்திரை சாப்பிட்டு இப்போது நன்றாக இருக்கிறார். அண்ணன் கடையில் எடை போடுகிறார். அவரிடம் ஏழுக்கு ஸ்பானிய மொழியில் என்ன என்று கேட்டுக்கொண்டேன். விரும்புகிறவர்கள் கடைக்கு வந்தால் பத்து வரை சொல்லுவார்.

கடைசியாக, என்னென்ன எடுத்துப்போவது என்று பலர் கேட்கிறார்கள். தேனி மண்டியில் அன்று காதருக்கு நடுக்கம் கண்டது. முழங்காலைக் கட்டிக்கொண்டு, பல் கிட்டிப்போய், “அண்ணே, குளுருதுண்ணே” என்றார். சாவி ராவுத்தரின் இடுப்பில் இருந்தது. திறந்தோம். ஆளுக்கு நான்கு மல் சட்டை, இரண்டு குடை, நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு ஜாடி, ஒரு வீசை ஏலக்காய், பனையோலை விசிறி இரண்டு, வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி ஒன்று, பூகோளப் படத்தின் பிரதி, ஆறு வரை எண்கள் எழுதிய நோட்டு. பெட்டியில் பாதிக்குமேல் இடம் இருந்தது. எட்டு மல் சட்டைகளையும், அவற்றின் மேல் மண்டியின் கோணிச் சாக்கு இரண்டையும் போர்த்தினோம். கம்பத்துக்கு அடுத்த பஸ் மூன்றரை மணிக்கு. கம்பளி ஆமினாக்காவின் வீட்டில், கொடியில் இருந்தது.